போனில் டாக்டரைப் பார்க்க உட்காரும் முன்: சுகர், பிரஷர் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு

பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரை மதுரைக்குக் கூட்டிப்போய், ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்ப ஒரு முழுநாள் ஓடிவிடும். கூடப்போகிறவரின் அன்றைய கூலியும் போகும். அந்த நாளை மிச்சம் பிடிக்கத்தான் வீடியோ ஆலோசனை. மத்திய சுகாதாரத் துறையின் இ-சஞ்சீவனி என்னும் இணையச் சேவையில் 2020 ஏப்ரல் 13 முதல் நோயாளி தன் போனிலிருந்தே டாக்டரோடு பேச முடிகிறது. கட்டணம் கிடையாது. ஆனால் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். டாக்டரால் நாடி பிடிக்க முடியாது, வீங்கிய காலை அழுத்திப் பார்க்க முடியாது. நீங்கள் அளந்து எழுதிய எண்களையும் எடுத்து வைத்த படங்களையும் வைத்துத்தான் அவர் முடிவு செய்தாக வேண்டும். அதனால் வேலையில் முக்கால்வாசி போனைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்பத்தாவுக்கோ ஐயாவுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடிக்கப்போகும் பேரன், பேத்தி, மருமகள், மகளிர் குழுக்காரர் ஆகியோருக்காக எழுதியது இது.

எதற்கெல்லாம் வீடியோவே கூடாது

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீரென வியர்த்துக் கொட்டுவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, படுக்க முடியாதபடி மூச்சு வாங்குவது, வலிப்பு, பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. இவற்றில் எது வந்தாலும் டோக்கன் போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதில் அதிகம் ஏமாற்றுவது ‘வாயுப் பிடிப்பு’. பல வருடம் சுகர் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்திருக்கும். மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாமல், நெஞ்சு கரிப்பாக, அசதியாக, வெறும் வியர்வையாக மட்டும் தெரியலாம். சோடா வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற அரைமணி நேரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டிய அரைமணி நேரம். பக்கவாதம் என்றால் அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதும் அந்த மணியைத்தான். பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக் கொண்டுபோங்கள்.

வீட்டில் என்ன இருக்க வேண்டும்

மேற்கையில் கட்டும் பிரஷர் மிஷின், சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. எல்லாம் சேர்த்துச் சுமார் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரு வீட்டுக்குப் பாரமாக இருந்தால் மகளிர் குழுவில் பொதுவாக வாங்கி வைக்கலாம். ஊசி விஷயத்தில் மட்டும் பொது என்ற பேச்சே வேண்டாம். விரலில் குத்தும் லான்செட் ஒருவருக்கு ஒருமுறைதான். குத்தும் பேனாவும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துப் பேனாவைப் பகிர்ந்துகொண்டாலும், மூடியில் ஒட்டிய ரத்தம் வழியாக ஹெபடைடிஸ் பி பரவும்.

கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் ஆப்களை நம்பாதீர்கள். குத்தாமலே சுகர் காட்டும் என்று விற்கிற கைக்கடிகாரம், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுக்கவே இல்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அந்தக் கடிகாரத்தின் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

பிரஷர்

மிஷின் வாங்கக் கிளம்பும் முன் தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையுள்ள கைக்கானது. அதற்கு மேல் போனால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் கூட்டுவார். பெரியவர் ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது கிறுகிறுத்து விழுவார்.

அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் டீ, காபி, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. முதுகு சாய்கிற நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். திண்ணையில் சம்மணமிட்டு, கையைத் தொங்கப் போட்டபடி அளப்பதுதான் ஊர்களில் அதிகம் நடக்கிற தவறு. கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க ரீடிங் ஏறும். மேஜை இல்லையென்றால் மடியில் இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் கையை வையுங்கள்.

பட்டை வெறும் தோலில் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு அளப்பார்கள். சுருட்டிய துணி கயிறு போலக் கையை இறுக்கி ரீடிங்கைக் கெடுக்கும். தொளதொளப்பான சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே, குழாய் உள்ளங்கை பார்க்கும் பக்கமாக வர வேண்டும். மிஷின் ஓடும்போது யாரும் பேச வேண்டாம். “எவ்வளவு காட்டுது?” என்று அவர் கேட்டாலே மேல் எண் 10 வரை ஏறிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். குறைந்ததை மட்டும் எழுதினால் பெரியவருக்குச் சந்தோஷமாக இருக்கலாம், வைத்தியத்துக்கு உதவாது.

டாக்டரிடம் பேசுவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரை போடும் முன்பும் மாலையிலும் இப்படி அளந்தால், கையில் ஒரு வாரக் கணக்கு இருக்கும். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைச் சொல்லுங்கள். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது அதிகம். 180/120-ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி அளங்கள். அப்போதும் அதே அளவு இருந்து, நெஞ்சு வலி, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மூச்சு வாங்குவது என ஏதாவது சேர்ந்திருந்தால் 108. வேறு தொந்தரவே இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுகர்

கரும்போ மாம்பழமோ தொட்ட விரலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் 140-ஐ 250 என்று காட்டக் கூடும். விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பையும் சேர்த்து, மிஷினில் செருகும் ஸ்ட்ரிப் படித்துவிடும். தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும், ஓரத்தில் குத்துங்கள். ரத்தம் வரவில்லையென்று பிதுக்கினால் ரத்தத்தோடு சதையில் ஊறும் நீரும் கலந்து வரும். கையைத் தொங்கப் போட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவிவிட்டால் தானாக வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடிக்குள்ளோ சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. மூடியைத் திறந்து போட்டாலும், ஸ்ட்ரிப்பை எடுத்து வேறு டப்பாவில் வைத்தாலும் வீணாகிவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ வைத்த ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். தேதி முடியாவிட்டாலும் தப்பாகக் காட்டும். வீட்டின் உள்ளறையில் நிழலாக இருக்கும் அலமாரி போதும்.

‘வெறும் வயிறு’ என்பதில் இந்தப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே சீனி போட்டு ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, இன்னும் சாப்பிடவில்லை என்று வெறும் வயிற்றுக் கணக்கில் சுகர் பார்ப்பார்கள். டீ உள்ளே போன பிறகு அது வெறும் வயிறு அல்ல. எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் போயிருக்கக் கூடாது. பூ எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே, டீக்கு முன்னால் பார்த்துவிடுவதுதான் வழி. சாப்பாட்டுக்குப் பின் பார்க்கிற இரண்டு மணி நேரத்தை, கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணாமல் முதல் கவளத்திலிருந்து எண்ணுங்கள்.

70-க்குக் கீழே வந்தால் டாக்டரைத் தேடும் முன் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள். 300-க்கு மேல் இருந்து வாந்தியோ பெருமூச்சோ மயக்கமோ சேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரி.

ஆக்ஸிமீட்டரில் இரண்டு ஏமாற்று

மிஷின் விரலில் தலைகீழாக மாட்டியிருந்தால் 98 என்ற எண் 86 என்று தெரியும். வீடு முழுக்கப் பதறிப்போகும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, திரையில் இரண்டு எண் இருக்கும். சதவீதக் குறி பக்கத்தில் இருப்பது ஆக்ஸிஜன், மற்றது நாடித் துடிப்பு. ‘ஆக்ஸிஜன் 72’ என்று டாக்டரிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் நாடித் துடிப்பு. இவை போக, கருஞ்சிவப்பாகப் பிடித்த மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல், நேரடி வெயில் எல்லாமே ரீடிங்கைக் கெடுக்கக் கூடும். மருதாணி இல்லாத விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 90-க்குக் கீழே என்றால் 108.

பாதத்தைப் படம் எடுங்கள்

சுகர் உள்ள பெரியவரால் தன் உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாது. சீமைக்கருவேல முள் ஏறி நுனி உள்ளே முறிந்திருந்தாலும் உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். செருப்பில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கே தெரியவரும். வாரம் ஒருமுறை காலைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

புண் இருந்தால் வாசல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் இரண்டு படம் எடுங்கள். ஒன்று முழுப் பாதம் தெரிய ஒரு அடி தூரத்திலிருந்து, இன்னொன்று நெருங்கி. பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய்க் காசோ வையுங்கள். காசின் குறுக்களவு 27 மி.மீ. என்பதால் புண் எவ்வளவு பெரியது, போன வாரத்தைவிடப் பெருகியதா என்று டாக்டரால் கணக்கிட முடியும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையாவது அப்பியிருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. புண்ணுக்கும் அது ஆகாது. தோல் கறுத்திருந்தாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ படம் போதாது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள்.

மாத்திரைகள்

“சின்னதா வெள்ளையா ஒண்ணு, நீட்டமா ஒண்ணு” என்றால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. சுகருக்கான மெட்ஃபார்மினும் வெள்ளைதான், பிரஷருக்கான அம்லோடிபினும் வெள்ளைதான். எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் பரப்பி, பின்பக்கத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரிய ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். கடையில் பத்து மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும்; பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முழு அட்டையை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளில் பலவும் பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும். சூரணம், லேகியம், பெயர் தெரியாத பொட்டலம் எதுவானாலும் இதே கதைதான். மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரமாகப் போடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைத்து டோஸைக் கூட்டுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய விபரீதம்.

போன், சிக்னல், ஓ.டி.பி.

இ-சஞ்சீவனியில் நுழைய மொபைல் நம்பருக்கு வரும் ஓ.டி.பி. போதும், ஆதார் தேவையில்லை. பெயர், வயது, ஊர் விவரம் பதிந்து, தொந்தரவு என்ன, எத்தனை நாளாக என்று குறித்து, பழைய சீட்டுகளை ஏற்றி, டோக்கன் வாங்கி, வரிசை வந்ததும் பேச வேண்டியதுதான். திரை அவ்வப்போது மாறினாலும் இந்த ஒழுங்கு மாறாது. பதிவில் நோயாளியின் பெயரும் வயதும் இருக்க வேண்டும். பேரனின் பெயரில் நுழைந்து அப்பத்தாவைக் காட்டினால், மருந்துச் சீட்டு 22 வயதுப் பையன் பெயரில் வரும். கடைக்காரர் கொடுக்க மறுத்தால் அவர் செய்வதுதான் சரி.

ஆபா என்னும் 14 இலக்க சுகாதார எண்ணை எடுக்கப்போனால்தான் ஆதாரோடு இணைந்த நம்பர் வேண்டும். அந்த சிம் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் காலாவதியாகும் ஓ.டி.பி.க்காக மில்லுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ பெரியவரை நேரில் கூட்டிப்போய் அவர் கையில் இருக்கும் நம்பரை இணைத்துவிடுங்கள். ஆபா இல்லையென்பதற்காக ஆலோசனையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஓ.டி.பி.யைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். டோக்கனுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி.

சதுரகிரி அடிவாரம் போல மலை டவரை மறைக்கும் ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. முதல் நாளே மொட்டைமாடி, வாசல், தெருமுனை என நின்று வீடியோ அழைப்பு போட்டுப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். 200 எம்.பி. டேட்டா கையிருப்பு போதும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்காரவைக்காதீர்கள். அந்த நிழலில் உதடு நீலம் பூத்தது போலத் தெரிந்து டாக்டரைத் திசைதிருப்பும். போனில் முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். சோகையும் மஞ்சள்காமாலையும் அதில் மறைந்துபோகும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப்பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது. கேமராவும் மைக்கும் பயன்படுத்தலாமா என்று போன் கேட்கும்போது அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தொட்டுவிடுவதுதான் ‘டாக்டருக்குச் சத்தம் கேட்கவில்லை’ என்ற புகாரின் பாதிக் காரணம். செட்டிங்ஸில் போய் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள்.

பேசும்போது

டாக்டரைக் கண்டதும் பெரியவர்கள் “நல்லாத்தான் இருக்கேன் சாமி” என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. முதல் அரை நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம் டாக்டர். எங்க அப்பத்தா, வயசு 64. சுகர் பத்து வருஷமா, பிரஷர் நாலு வருஷமா இருக்கு. மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், அம்லோடிபின் 5 காலைல. ஒரு வாரச் சராசரி பிரஷர் 152க்கு 88. இன்னைக்கு வெறும் வயித்துல சுகர் 168. பத்து நாளா சாயங்காலம் ரெண்டு காலும் வீங்குது. மாத்திரை விடாம போடுறாங்க.”

பிறகு போனை அவரிடம் திருப்புங்கள். கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். காது மந்தம் என்றால் டாக்டர் கேட்டதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள், உங்கள் பதிலைச் சேர்க்காதீர்கள். கால் வீக்கத்தைக் காட்ட, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்து, குழி விழுகிறதா என்று கேமராவில் காட்டலாம். அம்லோடிபினே சிலருக்குக் காலை வீங்கவைக்கும். இதயமும் கிட்னியும் கூடக் காரணமாக இருக்கும். எது என்று டாக்டர் பிரித்தறிய அந்தக் குழியும் உங்கள் நோட்டும் உதவும்.

அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையை வீடியோவில் எழுதித் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதைத் தடுக்கிறது. “நேரில் வாங்க” என்று டாக்டர் சொன்னால் வீடியோ வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கே, எந்தப் பிரிவுக்கு, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணை மட்டும் இந்த வழியில் தீர்த்துவிட முடியாது. சுகர் உள்ளவர் வருடம் ஒருமுறை விழித்திரையைக் கருவி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களிலும் டாக்டர் வீடியோவில்தான் பேசுகிறார். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கருவியில் கண்ணைப் பார்த்து, அளந்து, பதிந்த பிறகே டாக்டர் திரைக்கு வருகிறார். வீட்டில் நீங்கள் செய்வது அந்தப் பணியாளரின் வேலை.

பேசி முடித்த பின்

சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், தேதி இருக்கின்றனவா என்று பார்த்து, அதை உடனே போனில் சேமித்து இன்னொருவருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வையுங்கள். அச்செடுத்து மருந்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். 2025 பிப்ரவரி 24 முதல் நடக்கும் முதல்வர் மருந்தகங்களில் பல மாத்திரைகள் விலை குறைவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், சுகாதாரத் தன்னார்வலரிடம் புதிய சீட்டைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பழைய மாத்திரையும் வரும், கடையில் வாங்கிய புதியதும் இருக்கும், பெரியவர் இரண்டையும் சேர்த்துப் போடுவார். நிறுத்தச் சொன்ன மாத்திரை அட்டையை அன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நோட்டில் புதிய மாத்திரை தொடங்கிய தேதியை எழுதி அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே பழைய வாரம், கீழே புதிய வாரம். அடுத்த முறை திரையில் வரப்போவது பெரும்பாலும் வேறொரு டாக்டர். போன தடவை என்ன நடந்தது என்பதை அவருக்கு அந்தப் பக்கம்தான் சொல்லும்.